ஓநாயின் தகப்பன்



தொன்மங்களில் வரும் தந்திரக்காரர்களைப் பற்றிப் பேச அழைத்தார்கள். பலரைத் தொட்டுச் செல்வதைவிட ஒருவனோடு தங்கிவிடுவது நல்லது என்று தோன்றியது. வடபுலத்து நார்ஸ் தொன்மத்தின் லோக்கியை எடுத்துக்கொண்டேன். இங்கிருக்கும் இளையவர்கள் அவனைத் திரையில் பார்த்திருப்பீர்கள். தேவர்களின் தலைவன் ஓடினின் வளர்ப்பு மகன், இடித்தேவன் தோரின் தம்பி, கொம்பு வைத்த தலைக்கவசம் அணிந்தவன். மூல நூல்களில் அவன் ஓடினின் மகனும் இல்லை, தோரின் தம்பியும் இல்லை. ஓடினோடு இரத்தம் கலந்து சகோதரன் ஆனவன். பிறப்பால் வராமல் சத்தியத்தால் வந்த உறவு அது.

லோக்கியின் குணத்தைப் பிறவிக் கோணல் என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அவன் கதையை நமக்கு எழுதிவைத்த ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி ஸ்டுர்லுசனே ஏறக்குறைய அப்படித்தான் அறிமுகம் செய்கிறார்: பார்க்க அழகன், மனத்தால் தீயவன், நிலையில்லாதவன். நான் வேறொன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். சொந்தபந்தம் எதுவும் இல்லாமல், ஒரு சத்தியத்தை மட்டும் நம்பி அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்திருப்பவனின் பிழைப்புதான் லோக்கியின் தந்திரம். அந்த வீடு அவன் பிள்ளைகளுக்குச் செய்த காரியம், அந்தத் தந்திரத்தை வேறு திசையில் திருப்பிவிட்டது.

ஆதாரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டா என்ற பெயரில் இரண்டு நூல்கள் இருக்கின்றன. ஒன்று, ஸ்னோரி ஏறக்குறைய 1220இல் உரைநடையில் எழுதியது. மற்றொன்று, பழைய பாடல்களின் தொகுப்பு. 1270களில் எழுதப்பட்ட ஒரு தோல் சுவடியில் அது நமக்குக் கிடைக்கிறது. 1662இல் டென்மார்க் அரசருக்கு அனுப்பப்பட்ட அந்தச் சுவடி 1971இல்தான் ஐஸ்லாந்துக்குத் திரும்பி வந்தது. இரண்டு நூல்களுமே ஐஸ்லாந்து கிறித்தவத்தை ஏற்று இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆன பிறகு ஏட்டில் ஏறியவை. கதைகளின் வரிசையும் ஸ்னோரி கோத்த வரிசைதான். ஆகவே, இது நடந்ததால் அடுத்து அது நடந்தது என்று நான் சொல்லும்போதெல்லாம், அவர் கோத்த மாலையில் வைத்துத்தான் சொல்கிறேன் என்று கொள்ளுங்கள்.

ஸ்னோரியின் வாழ்க்கையையும் இங்கே சற்று நினைக்க வேண்டும். 1179இல் பிறந்தவர். அவருடைய தகப்பனார் சிக்கியிருந்த ஒரு தகராறைத் தீர்த்துவைத்த பெருந்தலைவர் யோன் லோஃப்ட்சன், அந்தச் சமரசத்தின் ஒரு பகுதியாகக் குழந்தை ஸ்னோரியைத் தம் வீட்டில் வளர்க்க ஏற்றுக்கொண்டார். பிள்ளையை இன்னொரு வீட்டில் வளரக் கொடுத்து உறவை உண்டாக்கிக்கொள்வது அந்நாட்டு வழக்கம். 1241 செப்டம்பரில் ரெய்க்ஹோல்ட்டில், தம் வீட்டு நிலவறையில் அவர் கொல்லப்பட்டார். ஆட்களோடு வந்து கொல்லவைத்த கிஸுர் தோர்வால்ட்சன் ஒரு காலத்தில் அவருடைய மருமகன். உறவு எப்படிக் கட்டப்படுகிறது, எப்படி அறுந்து கழுத்துக்கு வருகிறது என்பதை ஏட்டில் மட்டும் அறிந்தவர் அல்லர் அவர். தேவர்களின் குடும்ப விவகாரங்களை அவர் எழுதும்போது அந்த அனுபவத்தின் கனம் எனக்குத் தெரிகிறது.

இனி லோக்கியின் பிறப்பு. தகப்பன் ஃபார்பௌட்டி, அரக்கன். தாய் லௌஃபே. இரண்டு சகோதரர்கள் உண்டு, பெயர் மட்டும். அரக்க இரத்தம் என்பது தேவர்களின் இருப்பிடமான அஸ்கார்டில் அதிசயமே இல்லை. ஓடினின் தாய் பெஸ்ட்லா அரக்கன் மகள். தோரின் மகன் மாக்னியைப் பெற்றவளும் அரக்கிதான். தேவர்கள் அரக்கர் குலத்திலிருந்து பெண் எடுப்பார்கள், அரக்கர்களுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். ஃப்ரேயா என்ற தேவியைக் கேட்டு வந்த அரக்கர்கள் எல்லோரும் செத்தார்கள். இந்த ஒருவழிக் கொள்வினையைத் தொன்மம் முழுவதிலும் பின்தொடர்ந்து காட்டியவர் மார்கரெட் குலுனீஸ் ராஸ் என்னும் ஆய்வாளர். 1994இல் அந்த ஆய்வின் முதல் தொகுதி வெளிவந்தது. லோக்கிக்கோ அரக்க இரத்தம் தகப்பன் வழியாக வருகிறது. டீர் என்னும் தேவனுக்கும் அரக்கனே தகப்பன் என்று ஒரு பாடல் சொல்கிறது, ஆனால் ஸ்னோரி அவனை ஓடினின் மகன் என்றே கணக்கில் வைக்கிறார். தகப்பன் வழியே குலம் எண்ணுகிற சமூகத்தில் லோக்கி எவ்வளவு காலம் அஸ்கார்டில் இருந்தாலும் அயலான்தான். அவனைப் பல இடங்களில் தாயின் பெயரால் லௌஃபேயின் மகன் என்றே அழைப்பதும் கவனிக்க வேண்டியது.

அயலானாக இருப்பதன் விலை என்ன? பழைய ஐஸ்லாந்தின் சட்டத் தொகுப்பான கிராகாஸில், கொலைக்கு ஈடாகத் தரவேண்டிய தொகையை உறவின் நெருக்கத்துக்கு ஏற்பப் பங்கிட்டுச் சொல்லும் ஒரு பகுதி இருக்கிறது. ஒருவனைக் கொன்றால் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும், யார் யார் சேர்ந்து கொடுக்க வேண்டும் என்று விரிவாகப் போகும். அந்த உலகில் ஒரு மனிதனின் உயிருக்குக் காவல் அவன் சொந்தக்காரர்கள். கைவைத்தால் கேட்க ஆள் உண்டு என்ற பயம்தான் கவசம். அஸ்கார்டில் லோக்கிக்காகக் கேட்க ஆள் இல்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அவன் கதைகளைப் படித்துப் பாருங்கள். ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கும். ஏதோ ஒரு கேடு வருகிறது. சில நேரம் அவன் குறும்பால், சில நேரம் எல்லோரும் சேர்ந்து செய்த முடிவால். உடனே தேவர்கள் லோக்கியைப் பிடித்து, சரிசெய், இல்லையேல் சாவு என்கிறார்கள். அவன் சரிசெய்கிறான். அஸ்கார்டுக்கு மதில் கட்டவந்தவன் ஃப்ரேயாவையும் சூரியனையும் சந்திரனையும் கூலியாகக் கேட்டான். தன் குதிரையின் உதவி வேண்டும் என்றான். சம்மதிக்கலாம் என்று லோக்கி யோசனை சொல்ல, சபையே ஒப்புக்கொண்டது. வேலை முடிந்து கூலியைக் கொடுக்க நேரும் போலானதும் பழி மட்டும் லோக்கியின் தலையில் விழுந்தது. அவன் பெண்குதிரையாக உருமாறிக் கட்டுபவனின் குதிரையைக் காட்டுக்குள் இழுத்துப் போனான், கருவுற்றான், எட்டுக்கால் குட்டி ஈன்றான். அதுதான் ஸ்லெய்ப்னிர், ஓடினின் வாகனம்.

தோரின் மனைவி சிஃபின் கூந்தலை அவன் அறுத்த கதையும் இதே வார்ப்பு. அது அவன் செய்த வம்பு, மறுப்பதற்கில்லை. எலும்பெல்லாம் நொறுக்குவேன் என்று தோர் பிடித்துக்கொள்ள, குள்ளர்களின் பட்டறைக்கு ஓடுகிறான். அந்த ஓட்டத்தில் தேவர்களுக்குச் சேர்ந்தவற்றைப் பாருங்கள். சிஃபுக்குத் தங்கக் கூந்தல், ஓடினுக்கு ஈட்டியும் மோதிரமும், ஃப்ரேய்க்குக் கப்பலும் பொற்பன்றியும், தோருக்குச் சம்மட்டி. குள்ளன் ஒருவனிடம் தன் தலையைப் பணயம் வைத்துத் தோற்ற லோக்கி, தலை உனது, கழுத்து உனதல்ல என்று வாதாடித் தப்பினான். குள்ளன் அவன் உதடுகளைத் தைத்துவிட்டான். டென்மார்க்கின் ஸ்னாப்டுன் கடற்கரையில் 1950இல் கிடைத்த ஓர் உலைக்கல்லில், முறுக்கு மீசையோடு, உதட்டின் குறுக்கே கோடுகள் கீறிய முகம் ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய கி.பி. 1000ஐச் சேர்ந்தது. லோக்கியாகவே கருதப்படுகிறது. அஸ்கார்டின் ஆயுதசாலையையும் வாகனத்தையும் சேர்த்துக் கொடுத்தவனுக்குக் கிடைத்த கூலி அந்த முகத்தில் இருக்கிறது.

தந்திரம் அவனுக்கு விளையாட்டு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விளையாட்டும் இருந்தது, சரி. ஆனால் எத்தனை முறை உதவினாலும் அவன் இருப்பு உறுதிப்படவில்லை. ஒவ்வொரு முறையும் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள மறுபடி ஒரு சாமர்த்தியம் காட்டவேண்டியிருந்தது. அப்படி வாழ்பவனுக்கு நிலையான குணம் எங்கிருந்து வரும்? ஸ்னோரி குறையாகச் சொல்லும் அந்த நிலையின்மை, அவனுக்குக் கொடுக்கப்பட்ட இடத்தின் நிலையின்மை.

இப்போது பிள்ளைகள். ஆங்கர்போதா என்ற அரக்கியிடம் அவனுக்கு மூவர் பிறந்தார்கள்: ஃபென்ரிர் என்ற ஓநாய், யோர்முங்காண்ட் என்ற பாம்பு, ஹெல் என்ற மகள். இவர்களால் கேடு வரும் என்று தேவர்களுக்கு ஆருடம் கிடைத்தது. தாய் வழியில் தீமை, தகப்பன் வழியில் அதைவிடத் தீமை என்று முடிவுகட்டினார்கள். ஓடின் ஆளனுப்பிப் பிள்ளைகளைக் கொண்டுவரச் செய்தான். பாம்பைக் கடலில் எறிந்தான். ஹெல்லை இறந்தோர் உலகத்துக்குத் தள்ளி, நோயிலும் மூப்பிலும் சாகிறவர்களுக்கு இடம் கொடுக்கும் பொறுப்பைத் தந்தான். அந்தப் பிள்ளைகள் அதுவரை எதுவும் செய்திருக்கவில்லை. ஒரு குற்றமும் கதையில் சொல்லப்படவில்லை. பிறப்பே குற்றச்சாட்டு.

ஓநாயை மட்டும் வீட்டில் வளர்த்தார்கள். அதற்கு இரை வைக்கத் துணிந்தவன் டீர் ஒருவனே. நாளுக்கு நாள் அது வளர, பயந்தார்கள். இரண்டு தளைகளை அது அறுத்தது. மூன்றாவதைக் குள்ளர்கள் செய்தார்கள். பூனையின் காலடி ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில் ஆகிய ஆறும் சேர்ந்த பட்டுபோன்ற நாடா. ஓநாய்க்குச் சந்தேகம். பிணையாக யாராவது என் வாயில் கை வையுங்கள் என்றது. வளர்த்த டீர் வைத்தான். கட்டு இறுகியது, கை போயிற்று. எல்லோரும் சிரித்தார்கள், டீரைத் தவிர என்று ஸ்னோரி எழுதுகிறார். அந்தச் சிரிப்பை அவர் விடாமல் பதிவு செய்ததற்காக அவரை வணங்குகிறேன். ஏன் கொல்லவில்லை என்ற கேள்விக்கு, தங்கள் புனித இடத்தை இரத்தத்தால் தீட்டாக்க விரும்பவில்லை என்று பதில் வருகிறது.

இவ்வளவும் நடக்கும்போது லோக்கி எங்கே? ஸ்னோரி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தகப்பன் அழுதான், தடுத்தான், சம்மதித்தான், எதுவும் இல்லை. அவன் அந்த மண்டபத்திலேயே, அந்த மேசையிலேயே தொடர்ந்து உட்கார்ந்திருக்கிறான். என்னைப் பொறுத்தவரை லோக்கியின் கதையில் மிகக் கனமான பகுதி இந்தப் பேச்சின்மைதான்.

அது உடையும் இடம் ‘லோகசென்னா’ என்ற பாடல். கடலரசன் ஏகிரின் விருந்து. பணியாளன் ஒருவனைக் கொன்றதால் துரத்தப்பட்ட லோக்கி திரும்பி வந்து இருக்கை கேட்கிறான். பிராகி என்ற தேவன் மறுக்கிறான். உடனே லோக்கி ஓடினைப் பார்த்து, நாம் இரத்தம் கலந்த நாளில், இருவருக்கும் வராத பானத்தை நான் குடிக்கமாட்டேன் என்று நீ சொன்னாயே என்று நினைவூட்டுகிறான். ஓடினால் தட்ட முடியவில்லை. தன் மகன் விதாரை எழுந்து இடம்விடச் சொல்கிறான். அப்போது லோக்கியை அவன் குறிப்பிடும் பெயர், ஓநாயின் தகப்பன். எந்தப் பிள்ளையைக் கட்டிப்போட்டானோ அந்தப் பிள்ளையின் பெயரால் தகப்பனை உட்காரச் சொல்கிறான்.

உட்கார்ந்ததும் லோக்கி ஒவ்வொருவராக எடுத்து அவர்கள் படுக்கையறை ரகசியங்களை அவிழ்க்கிறான். ஓடின் பதிலுக்கு, நீ நிலத்தடியில் எட்டுக் குளிர்காலம் பெண்ணாயிருந்து பிள்ளை பெற்றவன் என்று ஏசுகிறான். அது ஸ்லெய்ப்னிர் கதையைச் சுட்டவில்லை, வேறு ஏதோ பழங்கதை. ஆனாலும் லோக்கி வயிற்றில் சுமந்த குதிரையின்மேல் ஏறி உலகங்களைச் சுற்றுபவன், அவன் தாய்மையைக் கேவலமாகச் சொல்லும் உரிமையை எங்கிருந்து பெற்றான்? டீரின் முறை வந்ததும் அவன் இழந்த கையைக் குத்திக் காட்டுகிறான் லோக்கி. எனக்குக் கை போயிற்று, உனக்கு ஓநாய் போயிற்று, இருவருக்குமே இழப்புதான் என்கிறான் டீர். லோக்கி ஒரு மகனை இழந்தவன் என்று தேவர்களில் ஒருவன் வாய்விட்டு ஒப்புக்கொள்ளும் இடம் அது. ஒப்புக்கொண்டவன் இரை வைத்து வளர்த்தவன் என்பதில் எனக்கு வியப்பில்லை. அந்தப் பரிவை லோக்கியால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. உன் மனைவி எனக்குப் பிள்ளை பெற்றாள், அதற்கு நீ ஈடும் பெறவில்லை என்று அடிக்கிறான். குடும்பத்தால் காயப்பட்டவன் குடும்பத்தையே குறிவைத்து அடிக்கிறான்.

ஓடினின் மகன் பால்டரின் சாவுக்கு வருகிறேன். மகனுக்குச் சாவு வரும் என்று கனவு. தாய் ஃப்ரிக் உலகத்துப் பொருள் ஒவ்வொன்றிடமும் அவனைத் தீண்டமாட்டோம் என்று சத்தியம் வாங்குகிறாள். மிஸ்ல்டோ என்ற ஒட்டுண்ணிச் செடியை மட்டும் இளசு என்று விட்டுவிடுகிறாள். லோக்கி பெண்ணுருவில் போய் அதைத் தெரிந்துகொண்டு, பார்வையற்ற சகோதரன் ஹோடின் கையில் கொடுத்து எறிய வைக்கிறான். காரணமாக ஸ்னோரி சொல்வது ஒன்றுதான். பால்டருக்கு எதனாலும் காயம்படாதது லோக்கிக்குப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை? இரண்டு வீடுகளுக்கும் ஆருடம் வந்தது. ஒரு வீட்டுப் பிள்ளைக்காக உலகம் முழுவதும் சத்தியம் செய்தது. மற்ற வீட்டுப் பிள்ளைகளை உலகத்தின் ஓரங்களில் எறிந்தார்கள். இப்படி நான் வாசிக்கிறேன். கொலையை இது நியாயப்படுத்தாது. பால்டர் யாருக்கும் தீங்கு செய்யாதவன், ஹோடுக்கோ தான் செய்வது தெரியாது. பிள்ளைகளுக்கு இழைத்த அநீதிக்கு லோக்கி பழிதீர்த்ததும் இன்னொருவரின் குற்றமற்ற பிள்ளைகள் மேல்தான். அவனை எதிர்நாயகன் என்று சொல்லலாம், நாயகன் என்று சொல்ல முடியாமல் போவது இங்கேதான்.

பால்டரை மீட்க, ஹெர்மோட் என்ற தூதன் எந்தக் குதிரையில் போகிறான்? ஸ்லெய்ப்னிரில். யாரிடம் போகிறான்? ஹெல்லிடம். லோக்கியின் ஒரு பிள்ளை மேல் ஏறி, அவனுடைய இன்னொரு பிள்ளையிடம் கெஞ்சப் போகிறார்கள். ஓடினால் தூக்கி எறியப்பட்டவளின் மண்டபத்தில் ஓடினின் மகன் உயர்ந்த ஆசனத்தில் வீற்றிருப்பதை ஹெர்மோட் பார்க்கிறான். விருந்தாளியை எப்படி மதிப்பது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாப் பொருளும் அழுதால் விடுகிறேன் என்கிறாள். தோக் என்ற ஒரு கிழ அரக்கி மட்டும் அழ மறுக்கிறாள். அவள் லோக்கியே என்று எல்லோரும் நம்பினார்கள்.

தண்டனை கொடியது. மீனாக அருவியில் ஒளிந்தவனைப் பிடித்துக் குகைக்குக் கொண்டுபோய், அவனுடைய வேறு மகன்கள் இருவரில் ஒருவனை ஓநாயாக மாற்றுகிறார்கள். அந்த ஓநாய் தன் உடன்பிறந்தவனையே கிழிக்கிறது. கிழிந்த மகனின் குடலால் தகப்பனை மூன்று பாறைகளில் கட்டுகிறார்கள். வெறும் கொடூரம் என்று இதைப் பலர் கடந்துவிடுகிறார்கள். நின்று பார்த்தால் அளந்து செய்த தண்டனை புலப்படும். லோக்கி ஓடின் வீட்டில் சகோதரன் கையால் சகோதரனைச் சாகவைத்தான், ஓடின் வீடு அதையே லோக்கியின் வீட்டில் செய்துகாட்டியது. அதோடு ஒரு காலத்தில் உறவுக்காகக் கலந்த இரத்தம், இப்போது மகனின் உடலாகவே கட்டுக் கயிறு ஆகிறது.

முகத்தின் மேல் நஞ்சு சொட்டும் பாம்பு. அதைக் கிண்ணத்தில் ஏந்தி நிற்பவள் மனைவி சிகின். கிண்ணம் நிறைந்து அவள் கொட்டப்போகும் நேரத்தில் நஞ்சு அவன் முகத்தில் விழ, அவன் துடிப்பதுதான் நிலநடுக்கம் என்றார்கள். சிகின் தேவமகளிர் வரிசையில் எண்ணப்படுபவள். அஸ்கார்டிலேயே இருந்திருக்கலாம். அவளுக்கு ஒரு வசனம்கூட இல்லை. ஆனாலும் ஏறக்குறைய கி.பி. 900இல் பாடிய தியோடோல்ஃப் என்ற அரசவைப் புலவர் லோக்கியைச் சிகினின் கைகளை வைத்தே அடையாளப்படுத்துகிறார். இங்கிலாந்தின் கம்பிரியாவில், கோஸ்ஃபோர்த் தேவாலய முற்றத்துப் பத்தாம் நூற்றாண்டுக் கற்சிலுவையில், கட்டுண்டவன் பக்கத்தில் பாத்திரம் ஏந்திய பெண் செதுக்கப்பட்டிருக்கிறாள். புதிய மதத்தின் சின்னத்தில்கூட அவளுக்கு இடம் வைத்தார்கள்.

லோக்கிக்கு இணையாகக் காக்கசஸ் மலைநாட்டு ஒசேத்தியர்களின் நார்ட் வீரர்கதைகளில் வரும் சிர்தோனை ஜார்ஜ் டுமெசில் 1948இல் எடுத்துக் காட்டினார். அவனும் பாதி உள்ளே, பாதி வெளியே. நீர்த்தேவனுக்குப் பிறந்து, நார்ட் குலத்துக்குத் தாய்வழிச் சகோதரன் ஆனவன். ஹாமித்ஸ் என்பவனின் பசுவைத் திருடினான். பதிலுக்கு ஹாமித்ஸ் அவன் பிள்ளைகளைக் கொன்று கொப்பரையில் இட்டான். சிர்தோன் மூத்த மகனின் கை எலும்பை எடுத்து, பிள்ளைகளின் நரம்புகளைப் பன்னிரண்டு தந்திகளாகக் கட்டி ஃபண்டிர் என்ற யாழ் செய்தான். அழுதுகொண்டே வாசித்தான். கேட்ட நார்ட்கள் உருகி, யாழை வாங்கிக்கொண்டு, இனி நீ எங்களில் ஒருவன் என்று உட்கார வைத்தார்கள். அதன் பிறகும் அவன் திருந்தவில்லை, ஒரு பெருவீரனின் சாவில் அவனுக்கும் பங்கு உண்டு. என்றாலும் பிள்ளைகளை இழந்த துயரம் அங்கே சபைக்கு நடுவில் ஒலித்தது. அஸ்கார்டில் லோக்கிக்கு அப்படி ஒரு வாசல் திறக்கவில்லை. அவன் துயரத்துக்கு விருந்தில் வசைபாடும் வழி ஒன்றுதான் இருந்தது.

இனி, திரையில் வரும் லோக்கியைப் பற்றி ஓரிரு சொற்கள். 1962இல் அமெரிக்கச் சித்திரக்கதையில் நுழைந்து தோரின் சகோதரன் ஆனான். 2011 திரைப்படத்தில் லௌஃபே ஆணாகி, அரக்க மன்னனாகி, அவனுக்குத் தகப்பன் ஆனான். தாயின் பெயரைத் தகப்பனுக்குச் சூட்டியதில் பழைய கதையின் ஒரு முடிச்சு காணாமல் போயிற்று. பிறப்பை மறைத்து வளர்த்ததால் மனம் புண்பட்ட மகன் என்பது நம் காலத்துக்குப் புரியும் விளக்கம். அது பொய்யில்லை. ஆனால் அதில் லோக்கி கடைசிவரை பிள்ளையாகவே இருக்கிறான். மூலத்தில் அவன் தகப்பன், ஒரு குதிரைக்குத் தாய், ஒருத்தியின் கணவன். அன்பு கிடைக்காத பிள்ளையின் கோபம் ஒரு வகை, பிள்ளைகளைப் பறிகொடுத்தவனின் கோபம் வேறு வகை.

ரக்னரோக் என்ற இறுதிப் போரில் லோக்கியின் வீடு முழுவதும் திரும்பி வருகிறது. ஓநாய் தளையறுத்து ஓடினை விழுங்குகிறது. பாம்பும் தோரும் ஒருவரை ஒருவர் கொல்கிறார்கள். லோக்கியும் காவலன் ஹெய்ம்டாலும் அப்படியே மடிகிறார்கள். ஓடினுக்காகப் பழிதீர்த்து ஓநாயைக் கொல்பவன் விதார், விருந்தில் ஓநாயின் தகப்பனுக்காக எழுந்து இடம்விட்ட அதே மகன்.

அதன் பிறகு கடலிலிருந்து பசுமையாகப் புதிய நிலம் எழுகிறது. விதார் அங்கே இருக்கிறான். தோரின் மகன்கள் தகப்பனின் சம்மட்டியோடு வருகிறார்கள். ஹெல்லின் வீட்டிலிருந்து பால்டரும், அவனைக் கொன்ற ஹோடும் சேர்ந்து வருகிறார்கள். பால்டருக்காகப் பழிதீர்க்கவென்றே ஓடின் பெற்று, ஹோடைக் கொன்ற இன்னொரு மகனும் அங்கே இருக்கிறான். கொன்றவனும் கொல்லப்பட்டவனும் பழிதீர்த்தவனும் ஒன்றாக உட்கார்ந்து பழைய செய்திகளைப் பேசுகிறார்கள். ஓநாயைப் பற்றியும் பாம்பைப் பற்றியும் அவர்கள் பேசுவதாக ஸ்னோரி எழுதுகிறார். லோக்கியின் வீட்டார் ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இல்லை. சிகின் என்ன ஆனாள் என்று எவரும் கேட்கவில்லை. பால்டரை உயர்ந்த ஆசனத்தில் வைத்துக் காத்தவளின் பெயரை அவர்களில் ஒருவனாவது நன்றியோடு சொல்லியிருக்க வேண்டும் என்று, ஒவ்வொரு முறை அந்தப் பகுதியைப் படிக்கும்போதும் நான் விரும்புகிறேன்.